அனுமதி இலவசம்!

‘அனுமதி இலவசம்’ என்று அழைப்பிதழின் அடியில், சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். இரண்டே சொற்கள்! எண்ணிப் பார்த்தால் எவ்வளவு பெரிய அறிவிப்பு! காசு உள்ளவன் உள்ளே அமர்ந்து கேட்கலாம், இல்லாதவன் சுவருக்கு வெளியே நின்று ஏங்கலாம் என்ற நெடுநாள் ஏற்பாட்டை இரண்டு சொற்களால் இடித்துத் தள்ளுகிறார்கள் அன்றோ! வாழ்த்தத்தான் வேண்டும், வாழ்த்துகிறேன். ஆனால் தோழர்களே, வாழ்த்திய வாயால் ஒரு கேள்வியும் கேட்க விரும்புகிறேன். கதவை மூடி வைத்திருப்பது காசு ஒன்றுதானா?

நான் வடசென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியின் ஆசிரியை. கல்லூரியில் வரலாறு பயின்று, பட்டம் பெற்று, பணியில் சேர்ந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர், துறைமுகத்தில் சுமை ஏற்றுவோர், மீன் விற்போர், வீட்டு வேலை செய்வோர், தானி ஓட்டுவோர். ஐரோப்பிய நாடொன்றிலிருந்து வந்திருக்கும் பியானோக் கலைஞர் ஒருவர் நகரின் தென்பகுதியில் ஓர் அரங்கில் வாசிக்கப் போகிறார், கட்டணம் இல்லை என்ற செய்தி, கல்லூரித் தோழி வழியாக எனக்குக் கிட்டியது. ஒன்பதாம் வகுப்பில் அறிவித்தேன். முப்பத்தெட்டுப் பேரில் ஆறு பேர் கை தூக்கினர். மூன்று பெண்கள், மூன்று பையன்கள். அந்த மூவரில் ஒருவன், மாலை வேளைகளில் இரு சக்கர வண்டிப் பட்டறையில் வேலை பார்ப்பவன். அன்றைய கூலியை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். இலவச நிகழ்ச்சிக்கு அவன் கொடுத்த விலை அது. அழைப்பிதழ் அச்சிட்டவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

ஆசிரியர் அறையில் ஒரே நகைப்பு. “பியானோவா? நம்ம பிள்ளைங்களுக்கா? பத்தாவது நிமிஷத்துல தூங்கிடுவாங்கம்மா!” என்றார் மூத்தவர் ஒருவர். கெட்ட எண்ணத்தில் சொன்னவரல்லர். தம் கைக்காசில் நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிற நல்லவர். நல்லவர்களின் நாவிலும் இந்த ‘நம்ம பிள்ளைங்களுக்கா?’ குடியிருக்கிறதே, அதுதான் கவலை. கணக்கு நம்ம பிள்ளைகளுக்கு வரும், கால்பந்து வரும், கானா வரும். பியானோ மட்டும் வராது! யார் வகுத்த வரம்பு? எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது? எழுதப்படவில்லை, ஆகவேதான் எளிதில் அழிக்கவும் முடியவில்லை.

இரண்டு பேருந்து மாறி, முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். வாயிலில் நின்ற இளைஞர், கழுத்தில் அட்டை தொங்க, எங்களை நிறுத்தினார். கடுமை இல்லை, கண்ணியமாகவே கேட்டார். எந்தப் பள்ளி? அழைப்பு எப்படி வந்தது? ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் அசையாமல் இருப்பார்களா? இருமல் உள்ளவர் யாரேனும் உண்டா? எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன். “கொஞ்சம் ஓரமா வெயிட் பண்ணுங்க மேடம்” என்றார். நாங்கள் ஓரமாக நின்றுகொண்டிருந்த அந்த இருபது நிமிடத்தில், வண்டியிலிருந்து இறங்கிய இரண்டு குடும்பங்கள் எங்களைக் கடந்து உள்ளே சென்றன. அவற்றிலும் பிள்ளைகள் இருந்தார்கள். என் பிள்ளைகளைவிடச் சிறியவர்கள். இருமலைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதைக் காலணி சொல்லிவிட்டது போலும்!

என் மாணவி ஒருத்தி மெல்லக் கேட்டாள்: “டீச்சர், ஃப்ரீன்னுதானே போட்டிருந்துது?”

இடையில் உள்ளேயிருந்து ஓர் ஒலி. ஒரே சுரம். மறுபடி அதே சுரம். மறுபடியும். “பாட்டு ஆரம்பிச்சாச்சா?” என்று பதறினான் பட்டறைப் பையன். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தோம். மேடையில் அரைக்கைச் சட்டை அணிந்த ஒருவர், பியானோவின் வயிற்றுக்குள் தலையைக் கவிழ்த்து, ஒரு சாவியால் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கை கட்டையைத் தட்டுகிறது. மறு கை முறுக்குகிறது. காது தீர்ப்புச் சொல்கிறது. பையனின் கண்கள் அவரை விட்டு அகலவில்லை. “வால்வு செட் பண்ற மாதிரி இருக்கு டீச்சர்” என்றான். சரியான உவமை! எந்த இசை விமரிசகருக்கும் தோன்றியிராத உவமை.

ஒருவழியாக உள்ளே விட்டார்கள். கடைசி வரிசைக்கு முந்திய வரிசை. முன்னால் மூன்று வரிசை நாற்காலிகளில் ‘ஒதுக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் தாள் ஒட்டியிருந்தது. நிகழ்ச்சி முடியும்வரை அவற்றில் பாதிக்கு மேல் ஆள் வரவில்லை. வராத பெரிய மனிதருக்காக நாற்காலி காத்திருந்தது. வந்த சிறுவர் ஆறு பேர், கலைஞரின் விரல்களைக் காணக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தனர். இதைக் குற்றப்பத்திரிகையாகப் படிக்கவில்லை. அரங்கின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. ஏனெனில் இது ஓர் அரங்கின் வழக்கமன்று, ஒரு நாட்டின் பழக்கம்.

போகட்டும். இசைக்கு வருவோம்.

பியானோ என்பது என்ன? வாசிக்கத் தொடங்குமுன் பிள்ளைகளுக்குக் காதோடு காதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பெட்டிக்குள் நரம்புகள், எஃகு நரம்புகள், இருநூறுக்கும் மேல். வெளியே எண்பத்தெட்டுக் கட்டைகள். கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் எழுந்து நரம்பைத் தட்டிவிட்டு உடனே விலகுகிறது. விலகுவதில்தான் இருக்கிறது வித்தை. விலகாவிட்டால் ஒலி செத்துப்போகும். இத்தாலியின் புளோரன்சு நகரில், மெடிச்சி அரசகுடும்பத்திடம் கருவிப் பணியாளராக இருந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி என்பவர், 1700-ஆம் ஆண்டையொட்டி இதை உருவாக்கினார். அவர் செய்தவற்றில் மூன்றே இன்று எஞ்சியுள்ளன. மூத்தது 1720-இல் செய்தது, நியூயார்க்கு அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. மெல்லத் தொட்டால் மெல்ல ஒலிக்கும், ஓங்கித் தட்டினால் ஓங்கி ஒலிக்கும். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டு எப்படித் தொட்டாலும் ஏறத்தாழ ஒரே குரலில்தான் பேசும். தெய்வ அருளாலோ கந்தருவர் வரத்தாலோ வந்ததன்று இந்தக் கருவி. நெம்புகோலையும் மரத்தையும் அறிந்த ஒரு தொழிலாளியின் மூளையில் பிறந்தது.

கலைஞர் வந்தார். ஐம்பது வயதைக் கடந்த அம்மையார், கறுப்பு உடை, அணிகலன் ஏதுமில்லை. வணங்கினார், அமர்ந்தார், தொடங்கினார்.

முதலில் பாஃக் எழுதிய முன்னிசை ஒன்று. 1722-இல் அவர் தொகுத்த ஏட்டின் முதல் உருப்படி அது. ஒரே அமைப்பு, மீண்டும் மீண்டும் அதே அமைப்பு, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சுரம், இரண்டு சுரம் நகர்கிறது. என் பக்கத்தில் இருந்தவள் முணுமுணுத்தாள்: “புள்ளி வெச்சுக் கோலம் போடுற மாதிரி இருக்கு.” இசையிலக்கணம் பயின்றவர் பத்துப் பக்கம் எழுதுவர், அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்! இன்னொரு செய்தியும் உண்டு. அந்த ஏட்டின் முகப்பில் பாஃக், கற்கும் ஆர்வமுள்ள இளையோரின் பயனுக்காக இதைச் செய்ததாகக் குறித்திருக்கிறார். பிள்ளைகளுக்காக எழுதிய இசை, பிள்ளைகளுக்கு இருமல் உண்டா என்று கேட்டுவிட்டு உள்ளே விடும் நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தது?

அடுத்து பீத்தோவன். ‘நிலவொளி’ என்று உலகம் அழைக்கும் இசைக்கோவை. முதற்பகுதி முடிந்தது, கலைஞர் கையெடுத்தார், என் பிள்ளைகள் ஆறு பேரும் கைதட்டினார்கள். அவ்வளவுதான்! முன்வரிசைத் தலைகள் திரும்பின. “ஷ்ஷ்!” என்றது ஒரு குரல். ஓர் அம்மாள் எங்களைப் பார்த்த பார்வையில், தீட்டுப்பட்ட பாத்திரத்தைப் பார்க்கும் பழைய பார்வையின் சாயல் இருந்தது. பகுதிகளுக்கு இடையே தட்டக்கூடாதாம், மூன்றும் முடிந்த பின்னர்தான் தட்டவேண்டுமாம், அதுதான் மரபாம்!

மரபு! எத்தனை நாள் மரபு? மொசார்ட் 1778-இல் பாரிசு நகரிலிருந்து தன் தந்தைக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தன் புதிய சிம்பொனி நடந்துகொண்டிருக்கும்போதே, பகுதி முடிவதற்கும் முன்னால், மக்கள் கைதட்டி ஆரவாரித்தார்கள் என்று மகிழ்ந்து எழுதுகிறார். அந்த இடத்தில் தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தே எழுதினாராம்! பீத்தோவன் காலத்திலும் இடையே தட்டுவது இயல்புதான். கல்லறை அமைதி காக்கும் ஒழுக்கமெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முளைத்து, இருபதாம் நூற்றாண்டில் முற்றியது. பழக்கம் ஒன்று இரண்டு தலைமுறை நீடித்துவிட்டால், அது படைப்புக் காலம் தொட்டு வந்தது போலத் தோற்றம் கொள்கிறது. நமக்கு இந்த நாடகம் புதிதா என்ன? கைதட்டிய ஆறு பேரும் மொசார்ட்டின் அவையோர். ‘ஷ்ஷ்’ என்றவர்தான் பின்னால் வந்தவர். மேடையில் இருந்த அம்மையாரோ சினக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, தலையைச் சற்றே தாழ்த்திப் புன்னகைத்துவிட்டு, இரண்டாம் பகுதிக்குச் சென்றார்.

மூன்றாம் பகுதி புயல். விரல்கள் கீழிருந்து மேலாகப் பாய்ந்து, உச்சியில் இருமுறை மோதி, மீண்டும் கீழிருந்து பாய்ந்தன. ‘நிலவொளி’ என்று பெயர் வைத்தவர் இதுவரை கேட்கவேயில்லை போலும் என்று தோன்றிற்று. உண்மையும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. அந்தப் பெயர் பீத்தோவன் வைத்ததன்று. 1801-இல் வியன்னாவில் இயற்றியபோது, கற்பனைப் போக்கில் அமைந்த சொனாட்டா என்றுதான் அவர் குறித்தார். பின்னர், ரெல்ஸ்டாப் என்ற விமரிசகர், முதற்பகுதியைக் கேட்டால் லூசர்ன் ஏரியின்மீது நிலவு விழுவது போலிருக்கிறது என்று எழுதப்போக, நிலவு ஒட்டிக்கொண்டது.

அதன்மேல் ஒரு கதையும் கட்டினார்கள். சிறுமியாக இருந்தபோது ஆங்கிலக் கதைத் தொகுப்பு ஒன்றில் நானே படித்திருக்கிறேன். பீத்தோவன் பான் நகரத் தெருவில் நிலவில் நடக்கிறார். ஒரு குடிசையிலிருந்து அவருடைய இசையே கேட்கிறது. உள்ளே செருப்புத் தைப்பவனும், அவனுடைய கண்ணற்ற தங்கையும். அரங்குக்குச் சென்று நல்ல இசை கேட்கக் காசில்லையே என்று அவள் ஏங்குகிறாள். மேதை உள்ளே நுழைகிறார், அவளுக்காக வாசிக்கிறார், விளக்கு அணைகிறது, சன்னல் வழியே நிலவு, அங்கேயே பிறக்கிறது இசை! அழகிய கதை, கண்ணீர் வரவழைக்கும் கதை, கடைந்தெடுத்த கற்பனை. பீத்தோவன் 1792-இலேயே பான் நகரை விட்டு வியன்னா சென்றவர். பிறகு அங்கே திரும்பவில்லை. அந்தச் சொனாட்டாவைக் காணிக்கையாகப் பெற்றவள் செருப்புத் தைப்பவனின் தங்கையல்லள். அவரிடம் பியானோ பயின்ற ஜூலியத்தா குவிச்சார்டி என்னும் சீமாட்டி.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். கதை பொய் என்றதும் பிள்ளைகள் முகம் வாடிற்று. “அப்ப, யாருமே ஏழை வீட்டுக்குப் போய் வாசிச்சதில்லையா டீச்சர்?” என்றாள் கோலம் கண்டவள். வாசித்தவர் ஒருவரைப் பற்றி அப்போது சொன்னேன். கட்டிய கதையன்று, நடந்த வரலாறு.

தென்னமெரிக்காவில் அர்சென்டினா. அதன் வடக்கே துக்குமான். கரும்பும் சர்க்கரை ஆலையும் நிறைந்த மாநிலம். அங்கே, லெபனானிலிருந்து குடியேறியவர் வழியில் 1940-இல் பிறந்தவர் மிகேல் ஆங்கெல் எஸ்ட்ரெல்லா. பியானோ பயின்றார், பாரிசு சென்று, உலகப் புகழ் பெற்ற ஆசிரியை நாடியா பூலாஞ்சேயிடம் கற்றார். மேல்நாட்டு அரங்குகளில் வாசித்துப் பொருளீட்டி வாழ்ந்திருக்கலாம். திரும்பினார். 1966-இல் அமைந்த இராணுவ ஆட்சி துக்குமானில் ஆலை ஆலையாக மூடிற்று. கரும்புத் தொழிலாளர் தெருவில் நின்றனர். எஸ்ட்ரெல்லா அவர்களிடம் சென்று வாசித்தார். சிற்றூர்களில், குடியானவர் நடுவே, தொழிலாளர் நடுவே, பாஃக்கையும் பீத்தோவனையும் வாசித்தார். இது கடினம், உங்களுக்குப் புரியாது என்று எதையும் ஒதுக்கவில்லை.

1976-இல் அர்சென்டினாவில் மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பறித்தது. அவர் அண்டை நாடாகிய உருகுவேயில் இருந்தார், அங்கும் சர்வாதிகாரம்தான். 1977 டிசம்பரில் மொண்டேவிடியோ நகரில் அவரைக் கடத்திச் சென்றார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள். விரல்களைக் குறி வைத்தார்கள். கைகளை அறுத்துவிடுவோம் என்று மருட்டினார்கள். ஏன்? குண்டு வைத்தாரா? கோட்டை தகர்த்தாரா? பின்னாளில் அவரே உலகுக்குச் சொன்னார். பியானோவாலும் புன்னகையாலும் கறுப்புக் கூட்டத்தை மயக்கி, தங்களாலும் பீத்தோவன் கேட்க முடியும் என்று அவர்களை நம்பவைத்துவிட்டாய் என்பதுதான் வதைத்தவர்கள் சாட்டிய குற்றம்! அவர்கள் வாயில் ‘கறுப்புக் கூட்டம்’ என்பது நிறத்தை மட்டும் குறிப்பதன்று. உழைக்கும் ஏழை அனைவரையும் இழித்துச் சொல்லும் சொல்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! பீத்தோவனைத் தடை செய்யவில்லை அந்தச் சர்வாதிகாரிகள். அவர்கள் வீட்டுக் கூடங்களிலும் பீத்தோவன் ஒலித்திருக்கும். ஏழை கேட்பதுதான் குற்றம்; கேட்க முடியும் என்று அவன் நம்புவது அதைவிடப் பெரிய குற்றம்.

அவரை அடைத்த சிறை இருந்த ஊரின் பெயர் லிபர்தாத். அந்த மொழியில் அதற்குப் பொருள் ‘விடுதலை’. சிறையையும் மக்கள் அப்பெயராலேயே அழைத்தார்கள்! பூலாஞ்சே அம்மையாரும், வயலின் மேதை யெஹூதி மெனுஹினும், இன்னும் பலரும் உலகெங்கும் குரலெழுப்பினர். அதன் பயனாக, ஒலியெழுப்பாத பியானோக் கட்டைப் பலகை ஒன்று சிறைக்குள் வந்தது. தட்டினால் ஓசை வராது. அதில்தான், வதையுண்ட விரல்களுக்கு அவர் மறுபடி பயிற்சி கொடுத்தார். நரம்பில்லாத கருவியில் வாசித்து, உள்ளத்துக்குள் கேட்டுக்கொண்டார். 1980 பிப்ரவரியில் விடுதலை. பிரான்சில் தங்கி, 1982-இல் ‘இசை நம்பிக்கை’ என்ற பொருளுடைய பெயரில் ஓர் இயக்கம் கண்டார். அரங்குக்கு வர இயலாதவரிடம் இசையைக் கொண்டு சேர்ப்பது அதன் பணி. 2022-இல், 81 வயதில், பாரிசில் மறைந்தார்.

வகுப்பில் அமைதி. பட்டறைப் பையன் தன் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான்.

இதைக் கேட்டுவிட்டு, இயக்கத் தோழர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். “மேலைநாட்டுப் பெட்டியைக் கேட்கவா பிள்ளைகளை அழைத்துப் போனீர்கள்? நம் பறை இல்லையா? நம் கானா இல்லையா?” என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைய நிகழ்ச்சியின் கடைசி உருப்படியிலேயே அதற்கு விடை இருந்தது. அங்கேரி நாட்டு பேலா பார்டோக் 1915-இல் எழுதிய ருமேனிய நாட்டுப்புற ஆடல்கள். பார்டோக், ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு சிற்றூர் சிற்றூராக அலைந்து, உழவரின் பாடல்களைத் தொகுத்தவர். சிற்றூர் மக்கள் பிடிலிலும் குழலிலும் வாசித்த மெட்டுகளைத்தான் பியானோவில் ஏற்றினார். அதைக் கேட்டபோது என் பிள்ளைகளின் கால்கள் தாமாகத் தாளமிட்டன. “இளையராஜா பாட்டு நடுவுல வர்ற மாதிரி இருக்கு” என்று ஒருவன் சிரித்தான். பொருந்தாத பேச்சன்று அது. பண்ணைபுரத்திலிருந்து சென்னை வந்த அந்த இளைஞரும் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றவர்தான். பயின்றதால் வயல்வெளி அவரை விட்டு ஓடிவிடவில்லை. 2025 மார்ச்சில் இலண்டனில் அவருடைய சிம்பொனியே அரங்கேறிற்று.

ஆகவே, பறையா பியானோவா என்பதன்று வழக்கு. உழவனின் மெட்டு அரங்குக்குள் வரலாம். உழவனின் மகள் வந்தால் இருமலைப் பற்றிக் கேட்பார்கள். இந்த முரண்தான் வழக்கு. பறைக்கு எத்தனை மேடைகள் பூட்டியிருந்தன என்பதை நான் சொல்லித்தான் அறிய வேண்டுமா? தமிழ்ப் பாட்டுக்கே இடம் மறுத்து, கச்சேரியின் வாலில் ‘துக்கடா’ என்று ஒட்டவைத்த காலம் இருந்தது. அதனால்தானே 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழ வேண்டியிருந்தது! கருவி எந்த நாட்டது என்பதைப் பார்த்துப் பூட்டு வேறுபடுவதில்லை.

அந்தக் கருவியின் தாயகத்திலும் வாசித்தவரின் நிலை ஒன்றும் உயர்ந்திருக்கவில்லை. எஸ்டர்ஹாசி பிரபுவிடம் பணியாற்றிய ஹைடன், 1761-இல் எழுதிய ஒப்பந்தப்படி, ஏவலர் போலச் சீருடை அணிய வேண்டியிருந்தது. சால்ஸ்பர்க் பேராயரிடம் இருந்த மொசார்ட்டை, உணவு மேசையில் ஏவலரோடு அமர்த்தினார்கள். 1781-இல் அவர் விலகப் போனபோது, பேராயரின் அலுவலரான ஆர்கோ பிரபு உதைத்தே வெளியேற்றினார். உதைபட்டவர் யார், உதைத்தவர் யார் என்பது இன்று உலகுக்குத் தெரியும், அன்று தெரியவில்லையே! இலண்டனில் 1672-இல் ஜான் பானிஸ்டர் என்ற வயலின் கலைஞர், ஒரு ஷில்லிங் கொடுத்தால் யாரும் வந்து கேட்கலாம் என்று அறிவித்தார். மாளிகை இசை மக்களிடம் இறங்கிய படிகளில் அது ஒன்று. அதே இலண்டனில், 1939 அக்டோபரில், போருக்கு அஞ்சி ஓவியங்களை அப்புறப்படுத்தியதால் வெறுஞ்சுவராய் நின்ற தேசிய ஓவியக் கூடத்தில் பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் நண்பகல் இசை தொடங்கினார். கட்டணம் அதே ஒரு ஷில்லிங்தான். 1946 வரை 1,698 நிகழ்ச்சிகள். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்டனர். செருமானியக் குண்டு விழும் ஊரில், செருமானியராகிய பாஃக்கையும் பீத்தோவனையும் அம்மையார் வாசித்தார். முன்பதிவும் கிடையாது, உண்ணும் ரொட்டியோடு அலுவலகப் பணிப்பெண்ணும் சிப்பாயும் வந்து, இடமில்லாவிடில் தரையில் அமர்ந்தார்கள். இலவசமன்று, ஆனால் எங்கள் ‘இலவச’த்தைவிட அது அகலத் திறந்த கதவு என்பேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் நடந்ததைச் சொல்லவில்லையே! கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எங்களைத் தயக்கத்தோடு பார்த்த கலைஞர், வரச் சொல்லிக் கைகாட்டினார். ஓடினார்கள் பிள்ளைகள். மூடியை உயர்த்தி உள்ளே காட்டினார். ஒரு கட்டையை மெல்ல அழுத்தி, சுத்தியல் எழுவதையும் விழுவதையும், நரம்பை அடக்கும் கம்பளித் துண்டு விலகுவதையும் காட்டினார். கோலம் கண்டவள் ஒரு கட்டையைத் தொட்டாள். ஒலித்தது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு மீண்டும் தொட்டாள். எனக்கு மொழிபெயர்க்கும் வேலையே இருக்கவில்லை.

பட்டறைப் பையன் அங்கே இல்லை. தேடினேன். மேடையின் ஓரத்தில், கருவிப் பையைக் கட்டிக்கொண்டிருந்த அந்த அரைக்கைச் சட்டைக்காரரிடம் நின்றிருந்தான். நிகழ்ச்சித் தாளில் கலைஞரின் பெயர் உண்டு. கொடையாளர் பெயர்கள் உண்டு. அவர் பெயர் இல்லை. அவரும் பின்கதவு வழியாகத்தான் வந்தவராம். பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று மூன்று நரம்புகள், மூன்றும் ஒரே குரலில் பேச வேண்டும், ஒன்று இம்மியளவு தளர்ந்தாலும் ஒலி அலையடிக்கும். சென்னையின் ஈரக்காற்றில் மரம் உப்பி நரம்பின் இழுப்பு மாறிக்கொண்டேயிருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். “அண்ணே, இதை எங்க கத்துக்கிட்டீங்க?” என்றான் பையன். “எங்கப்பாகிட்ட தம்பி. இப்ப இந்த ஊர்ல நல்லாத் தெரிஞ்சவங்க கொஞ்சப் பேருதான்” என்றார்.

அரங்கத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அறிவிப்பைத் தமிழிலும் அச்சிடுக; ஒதுக்கிய நாற்காலிகளைத் தொடக்க மணி அடித்ததும் நின்றிருப்போருக்குத் திறந்துவிடுக; மாநகராட்சிப் பள்ளிகளுக்கு நேராக அழைப்பு அனுப்புக; கருவி செப்பனிட்டவர் பெயரையும் தாளில் போடுக. நான்கே வேண்டுகோள். முதலாவதை ஏற்றுக்கொண்டதாக விடை வந்திருக்கிறது. மற்ற மூன்றையும் ‘கருத்தில் கொள்வதாக’ எழுதியிருக்கிறார்கள். அடுத்த நிகழ்ச்சி அறிவித்ததும் மீண்டும் எழுதுவேன். இம்முறை பதினான்கு பேர் கை தூக்கியிருக்கிறார்கள், வாகனச் செலவைப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னவர், “நம்ம பிள்ளைங்களுக்கா?” என்று நகைத்த அந்த மூத்த ஆசிரியர்தான்.

பட்டறைப் பையன் இப்போது ஞாயிறுதோறும் அந்தச் செப்பனிடுபவர் வீட்டுக்குப் போகிறான். இதுவரை முறுக்குச் சாவியைக் கையில் கொடுக்கவில்லையாம். ஆறு மாதம் காதுதான் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். சென்ற வாரம், தளர்ந்திருந்த நரம்பு எது என்று மூன்றில் ஒன்றைச் சரியாகக் காட்டினேன் என்று வந்து சொன்னான். வரும் வாரம், நரம்பு அறுந்து நெடுநாளாய்க் கிடக்கும் பழைய பியானோ ஒன்றை இருவரும் திறக்கப் போகிறார்கள்.